பில் எண்ணும் பெண் உயிரும்

(பெண்கள் ஆரோக்கியம் பற்றிய மாலைக் கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயத்தைக் கேட்டவுடன் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். அமெரிக்க தேசத்தில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் பில் போடும்போது எழுதுகிற குறி எண்களைப் பற்றி இந்த ஊர்க் கூட்டத்தில் பேச வேண்டிய அவசியம் என்ன என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். காரணம் சொல்லாமல் ஒருவன் பேசினால் அதை உட்கார்ந்து கேட்க வேண்டிய கடமை யாருக்கும் கிடையாது. ஆகவே முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

நம் பிள்ளைகளில், அதிலும் பெண் பிள்ளைகளில், எத்தனையோ பேர் பி.எஸ்ஸி. என்றும் நர்சிங் என்றும் படித்துவிட்டு, சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் திருச்சிக்கும் போய், 'மெடிக்கல் கோடிங்' என்னும் உத்தியோகம் பார்க்கிறார்கள். "மகள் என்ன வேலை பார்க்கிறாள்?" என்று கேட்டால் பெற்றோர்கள் "ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனி" என்று சொல்லிவிடுகிறார்கள். அப்பெண் செய்கிற வேலை என்னவென்றால், அமெரிக்காவில் ஒரு டாக்டர் ஒரு நோயாளியைப் பார்த்து எழுதிவைத்த குறிப்பைப் படித்து, வந்த காரணத்திற்கு ஒரு எண், செய்த வைத்தியத்திற்கு ஒரு எண் என்று போட்டு அனுப்புவதாகும். அந்த எண்களைப் பார்த்துத்தான் அந்நாட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும். அல்லது கொடுக்க மறுக்கும். ஆகவே கடல் கடந்த ஓர் ஊரில் ஒரு பெண் செய்துகொண்ட பரிசோதனை அவளுக்கு இனாமா அல்லது கடனா என்பது, இங்கே நம் வீட்டுப் பெண் தட்டுகிற எண்ணில் அடங்கிக் கிடக்கலாம். இதைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா? அன்றியும், அந்த எண்ணுக்குள் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்லுகிறோம்.

நோயும் பரிசோதனையும்

கருப்பை வாய் என்பது கருப்பையின் கீழ் முனை. அங்கே உண்டாகும் புற்றுநோய்க்குக் காரணம் பூர்வ ஜன்மப் பாவமுமல்ல, செய்வினையுமல்ல, பெண்ணின் நடத்தைக் குறைவுமல்ல. 'எச்.பி.வி.' என்னும் ஒரு வைரஸ் கிருமியே காரணம். ஆண் பெண் சேர்க்கையினால் பரவும் இக்கிருமி, பெரும்பாலோருக்கு வாழ்நாளில் எப்போதாவது ஒரு முறை வந்து, தானாகவே போய்விடுகிறது. சிலரிடத்தில் மட்டும் போகாமல் தங்கி, அங்குள்ள உயிரணுக்களைச் சிறுகச் சிறுகக் கெடுத்து, 10, 15 வருஷங்களுக்குப் பிறகு புற்றாக மாறுகிறது. இக்கிருமிக்கும் இந்நோய்க்கும் உள்ள சம்பந்தத்தைக் கண்டுபிடித்த ஜெர்மன் அறிஞர் ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-ம் வருஷத்தில் நோபல் பரிசு கிடைத்தது.

இந்நோயிடம் ஒரு விசேஷம் இருக்கிறது. மற்ற பல புற்றுநோய்களைப் போல் திடீரென்று தலைகாட்டாமல், பல வருஷம் வாசலிலேயே நின்றுவிட்டுத்தான் இது வீட்டுக்குள் நுழைகிறது. வாசலில் நிற்கும்போதே பார்த்துவிட்டால் சிறு சிகிச்சையோடு விரட்டிவிடலாம். பார்ப்பதற்கு வழி காட்டியவர் பாபனிகோலாவ் என்பவர். கிரேக்க நாட்டில் பிறந்து, அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன அவர், பெண்களின் உறுப்பிலிருந்து தடவி எடுத்த உயிரணுக்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்தே புற்றுநோயை அடையாளம் காணலாம் என்று 1928-ல் சொன்னார். அப்போது அதைக் கவனித்தவர்கள் குறைவு. பிறகு டிராட் என்னும் டாக்டரோடு சேர்ந்து 1943-ல் புத்தகம் போட்டபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அவருடைய ஆராய்ச்சிக்காகப் பல வருஷங்கள் தன்னையே பரிசோதனைக்குக் கொடுத்தவர் அவர் மனைவி ஆந்த்ரோமகே. 'பாப் ஸ்மியர்' என்னும் பரிசோதனை பிறந்த கதை இதுதான். இப்போது அதோடு எச்.பி.வி. கிருமி இருக்கிறதா என்றே நேராகப் பார்க்கும் பரிசோதனையும் சேர்ந்திருக்கிறது.

எண்களின் சங்கதி

நிற்க, எண்களுக்கு வருவோம். இவை இரண்டு ஜாதி. ஒன்று, 'என்ன செய்தார்கள்' என்று சொல்லுவது. மற்றொன்று, 'எதற்காகச் செய்தார்கள்' என்று சொல்லுவது.

'என்ன செய்தார்கள்' என்பதற்கான புத்தகத்தை அமெரிக்க வைத்தியர் சங்கம் 1966-ல் முதன்முதல் வெளியிட்டது. அதற்கு சி.பி.டி. என்று பெயர். ஒவ்வொரு காரியத்திற்கும் ஐந்து இலக்கம். திரவத்தில் சேகரித்த பாப் மாதிரியை மனிதக் கண்ணால் பார்த்தால் 88142. முதலில் இயந்திரத்தைக் கொண்டு பார்த்துவிட்டு, மறுபடி மனிதரும் பார்த்தால் 88175. சந்தேகம் தோன்றி டாக்டரே பார்த்து அபிப்பிராயம் சொன்னால் அதற்குத் தனியாக 88141. எச்.பி.வி. கிருமிக்கு 87624. இவை தவிர, முதியவர்களுக்கான 'மெடிக்கேர்' என்னும் சர்க்கார் இன்ஷூரன்ஸில் வேறு இரண்டு எண்கள் உண்டு. இடுப்பு உறுப்பையும் மார்பையும் பரிசோதித்ததற்கு ஜி 0101. பாப் மாதிரியை எடுத்துப் பத்திரப்படுத்தி அனுப்பியதற்குக் கியூ 0091. ஒரு சிறு தூரிகையால் ஒரு தடவை தடவுகிறார்கள்; அதற்கு மூன்று நான்கு எண்கள், இரண்டு இடத்திலிருந்து பில்! டாக்டரிடமிருந்து ஒன்று, பரிசோதனைச் சாலையிலிருந்து ஒன்று.

'எதற்காக' என்பதற்கான ஜாபிதாவுக்கு ஐ.சி.டி. என்று பெயர். அதன் பத்தாவது திருத்தத்தை விரித்து எழுதி, 2015 அக்டோபர் 1-ந் தேதி முதல் அமெரிக்காவில் உபயோகிக்கிறார்கள். அதில் இன்றைக்கு நாம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டியவை இரண்டே எண்கள். ஒன்று இசட் 12.4. இதற்கு, 'கருப்பை வாயில் புற்றுநோய் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வந்தாள்' என்பது பொருள். மற்றொன்று ஆர் 87.610. இதற்கு, 'முன்பு எடுத்த மாதிரியில் உயிரணுக்கள் சற்று மாறுதலாகத் தெரிந்தன. இன்னதென்று நிச்சயமில்லை' என்பது பொருள்.

ஒரே பெண், ஒரே பரிசோதனை

இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு பெரிது என்று பாருங்கள்.

2010-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அதன்படி, நிபுணர் குழு உறுதியாகச் சிபாரிசு செய்த முன்காப்புப் பரிசோதனைகளுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டும். நோயாளியிடம் காசு கேட்கக் கூடாது. 21 வயது முதல் 65 வயது வரையுள்ள பெண்களின் கருப்பை வாய்ப் பரிசோதனை அந்தச் சிபாரிசில் அடங்கியது. நல்ல சட்டம். நாம் பாராட்டுகிறோம்.

உதாரணமாக, முப்பத்தைந்து வயதுள்ள ஒரு பெண் இந்தச் சட்டத்தை நம்பி, கம்பெனியின் ஒப்பந்தத்திலுள்ள டாக்டரிடம் போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் இசட் 12.4 என்று விழுகிறது. அவளுக்குச் செலவில்லை. முடிவு வருகிறது, உயிரணுக்கள் சற்று மாறியிருக்கின்றன. "ஒரு வருஷம் கழித்து மறுபடி வாருங்கள்" என்கிறார் டாக்டர். அவள் சொன்னபடி வருகிறாள். அதே டாக்டர், அதே தூரிகை, அதே 88175. ஆனால் இந்தத் தடவை 'எதற்காக' என்ற இடத்தில் ஆர் 87.610 விழுகிறது. உடனே கம்பெனி, "இது முன்காப்பு அல்ல, நோயைக் கண்டறிவது. ஆகவே உன் பங்கை நீ கட்டு" என்கிறது. வருஷத்தில் முதலில் இவ்வளவு டாலர் வரை நோயாளியே கட்டவேண்டும் என்று ஒரு வரம்பு பெரும்பாலான இன்ஷூரன்ஸ்களில் இருக்கிறது. அந்த வரம்பை எட்டாதவள் முழுத் தொகையையும் கட்டவேண்டி வரலாம்.

இது மாத்திரமா? மாதிரியில் மாறுதல் கண்டால், கருப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்த்து, சிறு சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும். அதற்கு 57454 போன்ற எண்கள். இதற்கும் பங்கு கட்டவேண்டும். பரிசோதனை மேசையில் படுத்திருக்கும்போது, "இடையில் கொஞ்சம் உதிரம் படுகிறது" என்று அவள் வாய் திறந்து சொன்னால், அதையும் எழுதி, வந்த காரணத்தையே மாற்றிவிட இடமிருக்கிறது. இதற்குப் பயந்து உண்மையைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டால் நோய் யாருக்கு?

தோழர்களே! இதில் உள்ள விபரீதத்தைக் கவனியுங்கள். ஆபத்தில்லாதவளுக்கு இனாம், ஆபத்தின் அடையாளம் தெரிந்தவளுக்குப் பில். "வீட்டில் நெருப்புப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதற்குக் காசு வேண்டாம், ஆனால் புகை தெரிந்துவிட்டால், உள்ளே போய்ப் பார்க்கக் காசை எடுத்து வை" என்று ஒருவன் சொன்னால் அவனை என்ன சொல்லுவோம்? பில்லுக்குப் பயந்து இரண்டாம் தடவை வராத பெண்ணுக்கு, முதல் தடவை இனாமாகப் பார்த்ததால் என்ன பிரயோஜனம்?

எண்ணின் பேரில் குற்றமா?

இதைக் கேட்டுவிட்டு, "இந்த எண்களே மோசடி" என்று சிலர் முடிவு கட்டலாம். அப்படி நாம் சொல்லவில்லை. ஐ.சி.டி. என்னும் ஜாபிதா எதற்காகப் பிறந்தது தெரியுமா? பிரான்ஸ் தேசத்துப் பெர்ட்டிலான் என்பவர், ஜனங்கள் எந்தெந்த நோயால் சாகிறார்கள் என்று எல்லா நாட்டாரும் ஒரே விதமாகக் கணக்கெடுப்பதற்காக 1893-ல் ஒரு ஜாபிதா தயாரித்துக் கொடுத்தார். 1948 முதல் உலக சுகாதார ஸ்தாபனம் அதைப் பார்த்து வருகிறது. சாவை எண்ணினால்தான் சாவைத் தடுக்க வழி தெரியும் என்ற நல்ல எண்ணத்தில் பிறந்த எண் அது. அதையே எடுத்து, யார் காசு கட்டுவது என்று பங்கு பிரிக்கவும் பின்னால் உபயோகித்துக்கொண்டார்கள். அளவுகோலின் பேரில் குற்றமில்லை. அளந்து பங்கு வைத்தவன் பேரில்தான் கேள்வி.

புரியாத பாஷையில் மந்திரம் சொல்லித் தட்சிணை கேட்பவரிடம் அர்த்தம் கேட்டால் கோபம் வரும். இந்த எண்களின் நிலை அப்படிப்பட்டதல்ல. ஒவ்வொரு எண்ணுக்கும் அர்த்தம் அச்சாகி இருக்கிறது. கேட்கிற உரிமையும் இருக்கிறது. ஒவ்வோர் இனத்தையும் பிரித்துக் காட்டும் பில்லைக் கேட்டு வாங்கலாம். முன்காப்புக்காகப் போனவளுக்கு குமாஸ்தாவின் தவறினால் வேறு எண் விழுந்திருந்தால், திருத்தி அனுப்பும்படி டாக்டரின் ஆபீசைக் கேட்கலாம். கம்பெனி மறுத்தால் 180 நாட்களுக்குள் கம்பெனியிடமே அப்பீல் செய்யலாம். அதற்கும் மறுத்தால், பல சந்தர்ப்பங்களில் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத வெளியாரின் தீர்ப்புக்குக் கொண்டுபோகலாம். அத்தீர்ப்புக் கம்பெனியைக் கட்டுப்படுத்தும். அர்த்தம் கேட்கிறவள் காசு மிச்சப்படுத்துகிறாள். "பெரியவர்கள் அனுப்பிய காகிதம், சரியாய்த்தான் இருக்கும்" என்று இருக்கிறவள் கட்டுகிறாள்.

இங்கே எண் போடும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. இரக்கப்பட்டு ஆர் 87.610 இருக்க வேண்டிய இடத்தில் இசட் 12.4 போட்டுவிடச் சொல்லி நாம் உபதேசிக்கவில்லை. அது சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியமாக, அந்தப் பெண்ணின் ஆபத்துக்குரிய அடையாளமே ஏட்டிலிருந்து மறைந்துபோகும். விதி கெட்டதாயிருந்தால் விதியைத்தான் திருத்த வேண்டுமேயல்லாமல் உண்மையைத் திருத்தக் கூடாது.

மனிதன் செய்த விதியை மனிதன் திருத்த முடியும் என்பதற்கும் இதிலேயே ருஜு இருக்கிறது. பெருங்குடல் புற்றுநோய் விஷயத்தில், முதல் சோதனையில் சந்தேகம் தோன்றினால், அடுத்துச் செய்யும் சோதனைக்கும் காசு கேட்கக் கூடாது என்று 2022-லேயே அமெரிக்க சர்க்கார் தெளிவுபடுத்திவிட்டது. கருப்பை வாய்க்கு மாத்திரம் அந்த நியாயம் தாமதப்பட்டது. 2026 ஜனவரியில் அந்நாட்டுச் சுகாதார இலாகா வெளியிட்ட திருத்தத்தின்படி, 2027 முதல், பரிசோதனையைப் பூர்த்தி செய்யத் தேவையான அடுத்த சோதனைகளையும் இனாமாகச் செய்ய வேண்டும். பெண்களே தாங்களே மாதிரி எடுத்துக் கொடுக்கும் முறைக்கும் அதில் இடமுண்டு. பெண்களும் டாக்டர்களும் கேள்வி கேட்டு வந்திராவிட்டால் இந்தத் திருத்தம் வந்திருக்குமா?

நம் வீட்டுக் கதை

இவ்வளவும் அந்நியர் கதை. இனி நம் கதைக்கு வருவோம்.

சமீபத்தில் இந்த உத்தியோகம் பார்க்கும் ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தோம். நாம் இன்று சொன்ன எண்கள் எல்லாவற்றையும் அப்பெண் வாய்ப்பாடு போல ஒப்பித்தாள். நமக்குச் சந்தோஷமாயிருந்தது. "உங்கள் அம்மாவுக்கு என்ன வயதம்மா?" என்று கேட்டோம். "நாற்பத்தெட்டு" என்றாள். "அவர்களுக்கு இந்தப் பரிசோதனை எப்போது செய்தீர்கள்?" என்றோம். அப்பெண் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மாவுக்கு ஒன்றுமில்லைங்க, நல்லாத்தான் இருக்காங்க" என்றாள். "இசட் 12.4-க்கு என்னம்மா அர்த்தம்?" என்று மறுபடியும் கேட்டோம். "ஒன்றுமில்லாதபோதே வந்து பார்த்துக்கொள்வது" என்று சொல்லத் தொடங்கிய பெண், பாதியிலேயே தலை குனிந்துகொண்டாள்.

அந்தப் பெண்ணை நாம் குறை சொல்லவில்லை. அவளுக்கு எண்ணைக் கற்றுக்கொடுத்தவர்கள் இருந்தார்கள். அந்த எண்ணை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகச் சொன்னவர்கள் இல்லை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் வாழ்நாளில் ஒரு தடவையாவது இப்பரிசோதனை செய்துகொண்டவர்கள் 100-க்கு 1.9 பேர். நம் தமிழ்நாட்டில் 9.8 பேர். மற்றவர்களைவிட நாம் மேல் என்று மார்தட்டிக்கொள்ள வேண்டாம். 100-க்கு 90 பேர் பார்த்துக்கொள்ளவில்லை என்பதுதான் இதன் அர்த்தம். 2030-க்குள் 100-க்கு 70 பெண்களாவது 35 வயதுக்குள் ஒரு தடவையும், 45 வயதுக்குள் மறுதடவையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் குறி வைத்திருக்கிறது. 2022-ம் வருஷத்தில் மாத்திரம் இந்தியாவில் இந்நோயால் மாண்ட பெண்கள் 79,906 பேர் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. இது ஒரு பெரிய ஊரின் ஜனத்தொகை அல்லவா?

அமெரிக்காவில் காசு தடுக்கிறது. இங்கே எது தடுக்கிறது? நமது சர்க்கார் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இப்பரிசோதனை இனாம். எண்ணும் வேண்டாம், இன்ஷூரன்ஸும் வேண்டாம். ஊறுகாயில் ஊற்றும் வினிகரில் இருக்கிறதே அசெட்டிக் அமிலம், அதை நீர்த்த நிலையில் கருப்பை வாயில் தடவினால், கெட்டுப்போன இடம் ஒரு நிமிஷத்தில் வெள்ளையாய்த் தெரியும். பயிற்சி பெற்ற நர்சே பார்த்துச் சொல்லிவிடலாம். இது பலன் தருமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு அதிக தூரம் போய் ருஜு காட்ட வேண்டியதில்லை. நம் திண்டுக்கல் ஜில்லாக் கிராமங்களிலேயே ஆயிரக்கணக்கான பெண்களிடம் இதைச் செய்து பார்த்தார்கள். இப்படி ஒரே ஒரு தடவை பார்த்ததிலேயே, பார்க்காத கிராமங்களைவிட, இந்நோயால் ஏற்படும் சாவு 100-க்கு 35 பங்கு குறைந்தது என்று 2007-ல் 'லான்செட்' என்னும் உலகப் பிரசித்தமான வைத்தியப் பத்திரிகையில் வெளிவந்தது. திண்டுக்கல் கிராமத்துத் தாய்மார்கள் உலகத்திற்கு ருஜுவாக நின்றார்கள். ஆனால் பக்கத்து ஜில்லாத் தாய்மார்களுக்கு அந்தச் சேதி சரியாகப் போய்ச் சேரவில்லை!

ஆகவே இங்கே தடுப்பது காசல்ல. வெட்கம் தடுக்கிறது. "அந்த இடத்தை எப்படிக் காட்டுவது?" என்கிறோம். பிள்ளை பெறும்போது காட்டாமலா பெற்றோம்? பயம் தடுக்கிறது. "பார்த்தால் ஏதாவது இருக்கும் என்று சொல்லிவிடுவார்கள்" என்கிறோம். பார்க்காவிட்டால் இல்லாமல் போய்விடுமா? புருஷனுடைய அனுமதி தடுக்கிறது. தன் பல்லுக்கும் கண்ணுக்கும் வைத்தியம் பார்க்க மனைவியிடம் அனுமதி கேட்காத புருஷன், மனைவி தன் உடம்பைப் பார்த்துக்கொள்ளத் தன்னை அனுமதி கேட்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்? அதிலும் இக்கிருமி பெரும்பாலும் அவளுக்குப் புருஷன் கொண்டுவந்து கொடுத்ததாகவே இருக்கும். கொடுத்தவனுக்குக் கூச்சமில்லை, வாங்கினவளுக்குக் கூச்சமாம்!

ஆகவே நாம் கேட்டுக்கொள்வது மூன்று காரியங்கள். எண் போடும் உத்தியோகத்திலிருக்கும் பிள்ளைகள், அடுத்த தடவை இசட் 12.4 என்று தட்டும்போது, தங்கள் தாயையும் அக்காளையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டு, அந்த விடுமுறை நாளிலேயே அழைத்துக்கொண்டு போக வேண்டும். முப்பது வயது தாண்டிய தாய்மார்கள் ஒருவரையொருவர் கூட்டிக்கொண்டு, கும்பலாகச் சுகாதார நிலையத்திற்குப் போக வேண்டும். தனியாகப் போனால் வரும் கூச்சம் பத்துப் பேராய்ப் போனால் வராது. மாறுதல் இருக்கிறது என்று சொன்னால் இரண்டாம் தடவையும் தவறாமல் போக வேண்டும். ஆண்கள் தடுக்காமலிருப்பது போதாது. அன்றைக்குச் சமையலையும் குழந்தையையும் தாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாம் சொன்னோம் என்பதற்காக யாரும் நம்பிவிட வேண்டாம். சுகாதார நிலையத்து டாக்டரைக் கேளுங்கள், நர்சைக் கேளுங்கள், உங்கள் பிள்ளைகளையே கேளுங்கள். சரியென்று பட்டால் செய்யுங்கள். 'ஒன்றுமில்லாதபோதே பார்த்துக்கொள்' என்பதற்கு அமெரிக்காக்காரன் ஓர் எண் வைத்திருக்கிறான். அந்த எண்ணை நம் பெண்கள் ராத்திரியெல்லாம் கண் விழித்து அவனுக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். அதன் பொருளை ஒரு பகல் வேளையில் நம் வீட்டிலும் நடத்திக் காட்டுவோம்.